ஏழு நாளும் வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டில் இதுவரை எடுக்கப்பட்ட முடிவுகளில் ஒன்றாவது என்னுடையதா என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். திரைச்சீலையின் நிறம் என் மனைவி கஜந்தினியின் முடிவு. மகள் தன்யாவின் பள்ளிக்கூடம் அவளுடைய முடிவு. துபாயில், சத்வாவில் இந்த நாலாம் மாடி வீட்டை எடுத்தது அவள். நான் கையெழுத்துப் போட்டேன். என் மீசையை எடுத்ததுகூட அவள் முடிவுதான். வளர்த்தது மட்டும் நான். அதுவும் தானாக வளர்ந்தது.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தேரா மீன் சந்தையில் வைத்து, நான் தனியாக ஒரு முடிவு எடுத்தேன். இனிச் சைவம். சாகும்வரை.

காரணம் ஒரு ஹமூர். நல்ல பெரிய மீன். ஐஸ்கட்டிமேல் படுத்திருந்தது. செவுளைத் தூக்கி நிறம் பார்க்கலாம் என்று விரலை வைத்தேன். அது வாயைத் திறந்தது. மூடியது. மறுபடியும் திறந்தது. ஏதோ சொல்ல வந்து, இங்கே சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டதுபோல இருந்தது. அந்த முகபாவத்தை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. திரும்பி வரும் வழியில், பஸ் கண்ணாடியில் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது. அது என்னுடைய முகபாவம்.

மீன் வாங்கப் போனவன் இரண்டு கட்டுப் பசளிக்கீரையும் ஒரு துண்டுப் பூசணிக்காயும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

"எங்க மீன்?" என்றாள் கஜந்தினி.

"மீன் இல்லை."

"சந்தையில மீன் இல்லையோ?"

"சந்தை நிறைய மீன். நான்தான் இனி இல்லை."

"என்ன இல்லை?"

"மச்சம் சாப்பிடுற ஆள் இல்லை. இண்டையில இருந்து நான் சைவம்."

அவள் பையைத் திறந்து பார்த்தாள். பூசணித் துண்டை எடுத்து, அதில் எங்காவது செதில் இருக்கிறதா என்று தேடுவதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கதிர்காமு அண்ணையாக்கள் இண்டைக்கு வராட்டிலும் அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கு வருவினம். அவைக்குப் பூசணிக்காயைப் பொரிச்சுக் குடுக்கிறதோ?"

கதிர்காமு அண்ணை அல்கூஸில் தொழிலாளர் கேம்பில் இருக்கிறார். கட்டட வேலையில் ஃபோர்மன். குடும்பம் வவுனியாவில். கேம்பில் இருக்கும் மனிதருக்கு வீட்டுச் சாப்பாடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், நானும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவன். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் வரச் சொல்லுவேன். அவர் தன் ரூம்காரர் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கஜந்தினி காலையிலிருந்து மீன் குழம்பு, இறால் பொரியல், கணவாய்ப் பிரட்டல் என்று நிற்பாள். எனக்குத் தாராள மனசு என்று கேம்ப் முழுக்கப் பேச்சு. மனசு என்னுடையதுதான். அடுப்பு அவளுடையது.

அறைக்குள்ளிருந்து தன்யா எட்டிப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு. தமிழும் இங்கிலீஷும் அவள் வாயில் பங்குக்குக் குடியிருக்கின்றன.

"அப்பா, வெஜ்ஜா, வீகனா? வீகன் எண்டா டீக்குப் பாலும் கட்."

"சைவம். பால் இருக்கு."

"அப்ப ஈஸி. டூ வீக்ஸ் நிப்பீங்கள்."

"ரெண்டு கிழமையோ? இவரோ?" என்றாள் கஜந்தினி. "இந்த வீட்டில ஒருத்தரும் சைவமாக ஏலாது. நான் விட மாட்டன்."

"நான் உம்மட்ட அனுமதி கேக்கேல்லை. அறிவிக்கிறன்."

"விசர்க்கதை கதையாதேங்கோ. ஆர் உங்களுக்குத் தனியாச் சமைக்கிறது?"

"நான்."

அவள் சிரித்தாள். தன்யாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் என்னை இரும்பாக்கியது.

வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குச் சைவம் புதிதல்ல. யாழ்ப்பாணத்து வீடு, வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. ஆனால் நாங்கள் இங்கே வந்த காலத்தில் வெள்ளிதான் விடுமுறை. கிடைப்பதே ஒருநாள், அதிலும் பருப்பைத் தின்றுவிட்டுப் படுப்பதா? ஆகவே கடவுளோடு ஓர் ஒப்பந்தம் செய்து, எங்கள் வெள்ளியைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டோம். செவ்வாயும் முருகனுக்கு உகந்த நாள்தானே, அவர் ஆட்சேபிக்கவில்லை. பிறகு அரசாங்கம் விடுமுறையை ஞாயிறுக்கு மாற்றியது. நாங்களும் செவ்வாயை மறுபடி வெள்ளிக்குக் கொண்டுபோனோம். இப்படி நகர்த்தி நகர்த்தி வைத்த வெள்ளியை, ஏழு நாளுக்கும் விரித்துவிடுவதுதான் என் திட்டம். அதில் புரட்சி ஒன்றும் இல்லை.

ஆனால் கஜந்தினிக்கு அது புரட்சி. அதில்தான் எனக்கு மகிழ்ச்சி.

ஏனென்றால் என் பழைய தீர்மானங்கள் எல்லாம் ஆதரவினால் அழிந்தவை. ஜிம்முக்குப் போகிறேன் என்று சொன்னேன். கஜந்தினி சப்பாத்து வாங்கித் தந்தாள், தண்ணீர்ப் போத்தல் நிரப்பித் தந்தாள், வாசல்வரை வந்து கைகாட்டினாள். ஒரு கிழமையில் நின்றுவிட்டேன். அரபி படிக்கிறேன் என்றேன். அவளே பக்கத்தில் இருந்து சொல்லக் கேட்டாள். வா போகலாம் என்ற 'யல்லா'வில் தொடங்கி, போதும் என்ற 'கலாஸ்'ஸில் முடிந்தது. ஆதரவு என்பது ஒரு மனிதனைப் பஞ்சு மெத்தையில் படுக்கப் போடுவது. எதிர்ப்புத்தான் எழுப்பி நிறுத்தும். இந்த முறை எனக்கு எதிர்ப்பு இருக்கிறது. இந்த முறை நான் நிற்பேன். அப்படித்தான் நினைத்தேன்.

எதிர்ப்பும் சும்மா சொல்லக்கூடாது, தரமான எதிர்ப்பு.

"சைவச் சட்டி ரெண்டும் மேல் தட்டில இருக்கு. மச்சச் சட்டியில கை பட்டால் உங்கட சைவம் போயிரும். என்ர அகப்பையைத் தொடாதேங்கோ," என்று கஜந்தினி எல்லைக்கோடு போட்டாள். அடுப்பில் இடதுபக்கம் எனக்கு. வலதுபக்கம் அவளுக்கு. முதல் நாள் பருப்பு கருகியது. இரண்டாம் நாள் பருப்பு வேகவில்லை. மூன்றாம் நாள் நான் வெந்தேன்.

வலதுபக்க அடுப்பில் யுத்தம் நடந்தது. டூட்டி முடிந்து நான் வரும் நேரம் பார்த்து நெத்தலி பொரிபடும். லிஃப்ட் கதவு திறக்கும்போதே அந்த வாசம் வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். அறக்குளா வறுவல், இறால் சொதி, நண்டு. கல்யாணம் கட்டிய புதிதில்கூட அவள் இப்படிச் சமைத்ததில்லை.

"ஒரே ஒரு துண்டு சாப்பிடுங்கோப்பா. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

"வேண்டாம்."

"பொரியல் முறுகலா வந்திருக்கு."

"வரட்டும்."

"முகத்தைப் பாருங்கோ, வத்திப்போச்சு. என்னத்துக்கு இந்தப் பிடிவாதம்?"

"இது பிடிவாதம் இல்லை. கொள்கை."

"அம்மா, விடுங்கோ," என்றாள் தன்யா. "நீங்கள் சொல்லச் சொல்ல அப்பா இன்னும் ஸ்ட்ராங்கா நிக்கிறார்."

கஜந்தினி மகளை ஒரு பார்வை பார்த்தாள். அப்போது அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரியவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு வந்தபோது அவள் இறுதி எச்சரிக்கை விட்டாள்.

"ஒரு வீட்டில ரெண்டு சமையல், அதுவும் விருந்தாளிக்கு, என்னால ஏலாது. கதிர்காமு அண்ணையாக்களுக்கு மச்சம் வேணுமெண்டால் நீங்கள் சைவத்தை விடுங்கோ. விடமாட்டியள் எண்டால் நீங்களே சமைச்சுப் போடுங்கோ."

நான் மடங்குவேன் என்று எதிர்பார்க்கிறாள். விடுவேனா? விடியவே எழும்பிச் சமைத்தேன். பசளிக்கீரை, பூசணிப் பால்கறி, கத்தரிக்காய், ரசம். ரசம் மட்டும் பக்கத்து வீட்டு ஷியாமளா சொல்லித் தந்தது. அவர்கள் சென்னைக்காரர், பரம்பரைச் சைவம். அவருடைய கணவர் வாசு ஒரு வங்கியில் வேலை. என் மாற்றத்தைக் கேட்டு வாசு கைகொடுத்தார். ஷியாமளா ஒரு டப்பா ரசப்பொடி கொடுத்தார். கஜந்தினியும் என்னோடு வந்து, "இவரைத் திருத்தவே ஏலாது" என்று அங்கேயும் என்னைப் பற்றி முறையிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கும் ஷியாமளாவுக்கும் நல்ல ஒட்டு.

கதிர்காமு அண்ணை மூன்று பேரோடு வந்தார். கை கழுவிவிட்டு மேசையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, வீட்டில ஆருக்கும் திவசமே?"

"இல்லை அண்ணை. நான் சைவமாகீட்டன்."

"டொக்டர் சொன்னவரோ?"

"இல்லை. நானே எடுத்த முடிவு."

"ஓ." அவர் கஜந்தினியைப் பார்த்தார். "தங்கச்சி, நீ ஒண்டும் சொல்லேல்லையே?"

"நான் சொல்லாத நாள் இல்லை அண்ணை. கேக்கிறாரே? எல்லாம் அவர் தன்ர கையால உங்களுக்கெண்டு சமைச்சவர். நல்லாச் சாப்பிடுங்கோ."

நல்லவர்கள், சாப்பிட்டார்கள். பூசணிக்காய் நன்றாக வெந்திருக்கிறது என்றார் கதிர்காமு அண்ணை. கொஞ்சம் கூடுதலாகவே வெந்திருக்கிறது என்றார் கூட வந்தவர். இன்னொருவர் கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தி, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

அதற்கடுத்த ஞாயிறு கதிர்காமு அண்ணை போன் எடுத்தார். "டூட்டி போட்டுட்டாங்கள் தம்பி." அதற்கடுத்த ஞாயிறு சைட்டில் இன்ஸ்பெக்‌ஷன். பிறகு போனும் வரவில்லை. கராமாவில் ஜெய்னுலாப்தீன் என்று புத்தளத்து நண்பர் ஒருவர் இருக்கிறார், அவர் வீட்டில் ஞாயிறுதோறும் புரியாணி என்று கேள்விப்பட்டேன். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. கொள்கைக்காக நண்பர்களை இழப்பது பெரிய மனிதர்களுக்கு வழமை என்று தேற்றிக்கொண்டேன்.

கஜந்தினியை நினைத்தும் பாவமாக இருந்தது. கலகலவென்று இருந்த ஞாயிறு இப்படி வெறிச்சோடிவிட்டதே. பார்க்கப் போனால், அவள் பல்கனியில் காலைத் தூக்கிக் கதிரையில் போட்டுக்கொண்டு, நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிளேன்டீ. மெதுவாக ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். கவலையை வெளியில் காட்டாத பெண் என்று எண்ணிக்கொண்டேன்.

இதற்கிடையில் எனக்கு ஒன்று நடந்தது. சைவம் எனக்குப் பிடித்துப்போயிற்று. பருப்பு என் சொல் கேட்கத் தொடங்கியது. காற்சட்டை இடுப்பில் தளர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒஃபிஸில் தூங்கி விழுவது நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் கண்ணாடியைப் பார்த்தால் அங்கே முடிவெடுத்த ஒருவன் நின்றான். மனைவி வேண்டாம் என்றாள், மகள் சிரித்தாள், நண்பர்கள் போனார்கள். அவன் நின்றான். அந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு காலை, பால் வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். வாசு உள்ளே ஓடி வந்தார். டீ-ஷர்ட் முழுக்க வேர்வை.

"என்ன வாசு, லிஃப்டில ஏறவே ஓட்டமா?"

"வாக்கிங் சார். ஜுமைரா பீச் வரைக்கும் போயிட்டு வர்றேன். தினமும்."

"நீங்களா?" வாசு கார்ச் சாவியை எடுக்கவே காரில் போகக்கூடியவர்.

"ஷியாமளாவுக்குத்தான் சுத்தமாப் பிடிக்கலை. வேணாம், இந்த வயசுல முட்டி போயிடும், உங்களால முடியாதுன்னு தினம் சண்டை. நான் விடுவேனா? வேணாம்னா நான் நடப்பேன் சார். இது என் முடிவு."

"நல்லது," என்றேன்.

"முன்னெல்லாம் அவளே நடங்க நடங்கன்னு சொல்லுவா. அப்போ ஒருநாள்கூட போனதில்லை. வீட்டுல ஒரு எதிர்ப்பு இருந்தாத்தான் சார் ஆம்பளைக்கு ஒரு வேகம் வருது."

எனக்கு உள்ளே சிரிப்பு வந்தது. பாவம், இவ்வளவு படித்த மனிதர். ஷியாமளா விரித்த வலை அப்பட்டமாகத் தெரிகிறது. நடக்க வைக்கத்தான் நடக்க வேண்டாம் என்கிறார். ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். வெளியில் காட்டாமல் அனுதாபத்தோடு தலையாட்டினேன்.

நாலாம் மாடி வந்தது. ஷியாமளா வாசலில் நின்றார்.

"மறுபடியும் போயிட்டு வந்தாச்சா? சொன்னா கேக்கவே மாட்டீங்களா? நாளைக்கு நீங்க போகக்கூடாது, சொல்லிட்டேன்!"

"போவேன்!" என்று சொல்லிக்கொண்டே வாசு நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போனார். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஷியாமளா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்காத்துக்காரிக்குத்தான் நான் தேங்க்ஸ் சொல்லணும் சார். கஜந்தினி சொல்லித் தரலைன்னா எனக்கு இந்த யோசனையே வந்திருக்காது."

"எந்த யோசனை?"

"அதான்… வேணாம்னு சொல்றது." ஷியாமளாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க. அவங்களுக்கும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு கூட்டத்துக்கே சமைச்சு இடுப்பு விட்டுப் போச்சு. கூப்பிடாதீங்கன்னு நேரா சொன்னா உங்க மனசு கஷ்டப்படும். நீங்களே சைவமாயிட்டேன்னு வந்து நின்னதும், சாமியா பார்த்து அனுப்பினது, விட்டுடக்கூடாதுன்னு… ஐயோ, குக்கர்ல விசில் வர்றது சார்."

எந்த விசிலும் வரவில்லை. கதவு மட்டும் சாத்தப்பட்டது.

பால் பாக்கெட்டோடு வராந்தாவில் நின்றேன். நெத்தலி, அறக்குளா, இறால் சொதி எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு என்று அவள் நீட்டியதும், நான் வேண்டாம் வேண்டாம் என்று வீரமாகத் தலையாட்டியதும். எதிர்ப்பு என்று நான் நினைத்தது எல்லாம் பராமரிப்பு. நான் ஓடவில்லை, ஓட்டப்பட்டிருக்கிறேன்.

சரி. இதற்கு ஒரே வழிதான் இருந்தது. மீன் சாப்பிடுவது. இன்றைக்கே, அவள் கண் முன்னால், ஒரு முழுத் துண்டு. எனக்கு மீன்மேல் இப்போது ஆசைகூட இல்லை. ஆனால் இது வயிற்றுப் பிரச்சினை அல்ல.

மத்தியானம் தாயும் மகளும் மேசையில் இருந்தார்கள். விளைமீன் குழம்பு, பக்கத்தில் என் பருப்பு. நான் கை கழுவிவிட்டு வந்து இருந்தேன்.

"எனக்கும் மீன் போடும்."

தன்யா கையில் இருந்த போனைக் கீழே வைத்தாள். இந்த வீட்டில் அது அடிக்கடி நடப்பதில்லை.

கஜந்தினி பதறவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. நல்ல நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து, என் சோற்றில் வைத்து, குழம்பும் விட்டாள்.

"சாப்பிடுங்கோ."

"சாப்பிடத்தான் போறன்."

"அதுதான், சாப்பிடுங்கோ."

"நீர் சொல்லிச் சாப்பிடேல்லை. நானாத்தான் சாப்பிடுறன்."

"சரி, நான் சொல்லேல்லை. சாப்பிடுங்கோ."

கையை மீனுக்குக் கொண்டுபோனேன். பாதி வழியில் நின்றது.

"ஷியாமளா எல்லாத்தையும் சொல்லிப்போட்டா," என்றேன்.

"எதை?"

"நான் செய்ய வேணும் எண்டுதான் நீர் வேண்டாம் எண்டு சொன்னனீர் எண்டதை."

மறுப்பாள் என்று பார்த்தேன். "ஓம்," என்றாள். "நான் வேண்டாம் எண்டு சொன்னன். அதையே நீங்கள் செய்தால் அது என்ர பிழையோ?"

"அம்மா ஜீனியஸ்," என்றாள் தன்யா.

"நீர் சும்மா இரும் பிள்ளை. கஜி, கூட்டம் வேண்டாமெண்டால் என்னட்டச் சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னனான். போன வருசம் ரெண்டு தரம். ஆக்கள் பாவம் கஜி எண்டு சொல்லிப்போட்டு, அடுத்த ஞாயிறு ரெண்டு பேரைக் கூடக் கூப்பிட்டனீங்கள்."

அது உண்மை. பேச்சை மாற்ற வேண்டியிருந்தது.

"இப்ப ஏன் சாப்பிடுங்கோ எண்டு சொல்லுறீர்? நான் சாப்பிட வேணும் எண்டோ, சாப்பிடக்கூடாது எண்டோ?"

"அதை நான் என்னெண்டு சொல்லுறது? உங்கட முடிவெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

சொல்லிவிட்டு அவள் தன் மீனை முள் எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாப்பிட்டால், அவள் சாப்பிடச் சொன்னதைக் கேட்டதாகும். சாப்பிடாவிட்டால், அவள் இத்தனை நாளாகச் செய்யவைத்ததைத் தொடர்ந்து செய்வதாகும். நான் சாப்பிட மாட்டேன் என்று தெரிந்துதான் சாப்பிடச் சொல்கிறாளா? அல்லது, எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று தெரிந்து, இனி நான் சாப்பிடுவேன் என்று எதிர்பார்த்துச் சொல்கிறாளா? அப்படியானால் சாப்பிடக்கூடாது. ஆனால் நான் அப்படி நினைப்பேன் என்றும் அவளுக்குத் தெரியுமே? அப்படியானால் சாப்பிட வேண்டும். பருப்பைப் பார்த்தேன். மீனைப் பார்த்தேன். இரண்டும் அவள் பக்கம் நின்றன.

"அப்பா, டிசைட் பண்ணுங்கோ," என்றாள் தன்யா. "சோறு ஆறுது."

கஜந்தினி நிமிரவே இல்லை.

"கஜி," என்றேன் கடைசியில். "நீரே சொல்லும். நான் இப்ப என்ன செய்யிறது?"